டார்ச்சுக்கு நல்ல ஸ்பிரிங்: இருபது பேர் சேர்ந்து வாங்கும் முறை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் பித்தளை டார்ச்சுகளை வாங்கி, உள்ளே எல்இடி பொருத்தி உயிர்கொடுப்பவர்கள் எங்கள் குழுவில் சிலர். 18650 லித்தியம் பேட்டரி போடும் புதிய டார்ச்சுகளைப் பிரித்து, எல்இடிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவர் போர்டை மாற்றி, வெளிச்சத்தைக் கூட்டிப் பார்ப்பவர்கள் மற்றவர்கள். இரு தரப்பாரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: பேட்டரியைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிரிங். அது தாங்குவதற்கு மட்டும் இருக்கும் பொருள் அன்று. டார்ச்சில் ஓடும் மின்சாரம் முழுவதும் அந்த மெல்லிய கம்பியின் வழியாகத்தான் போயாக வேண்டும்.

கணக்கைப் பார்த்துவிட்டால் மற்றவை எளிதாகும். 0.9 மி.மீ. தடிமனுள்ள கம்பியில் சுமார் 150 மி.மீ. நீளம் சுற்றப்பட்ட ஒரு ஸ்பிரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அது துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் அதன் மின்தடை ஏறக்குறைய 0.17 ஓம் ஆகும். 5 ஆம்பியர் இழுக்கும் டார்ச்சில் அந்த ஒரு ஸ்பிரிங்கே 0.85 வோல்ட்டை விழுங்கி, 4 வாட்டுக்கும் மேலாக வெப்பமாக மாற்றிவிடும். சாதாரண ஸ்பிரிங் எஃகுக் கம்பியானால் இழப்பு சுமார் 0.22 வோல்ட், பாஸ்பர் பிரான்ஸ் என்னும் வெண்கல வகையானால் 0.14 வோல்ட், பெரிலியம் கலந்த செம்பான பெரிலியம் காப்பரானால் 0.08 வோல்ட். முழுதாகச் சார்ஜ் ஏறிய லித்தியம் பேட்டரியே 4.2 வோல்ட்தான் என்பதையும், பல டார்ச்சுகளில் தலைப்பக்கம் ஒன்றும் பின்மூடியில் ஒன்றுமாக இரண்டு ஸ்பிரிங்குகள் இருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், வெளிச்சம் எங்கே போகிறது என்பது தெரிந்துவிடும். சூடேறிய எஃகு ஸ்பிரிங் தளர்ந்து படுத்துக்கொள்வதும் இதனால்தான்.

ஸ்பிரிங்கின் மேல் ஒரு செம்பு வயரைப் பற்றவைத்து மின்சாரத்தைக் குறுக்கு வழியில் விடுவது பழைய வைத்தியம். அது நன்றாகவே வேலை செய்கிறது. ஒன்றிரண்டு டார்ச் வைத்திருப்பவர் அதைச் செய்துகொண்டு இந்தக் கட்டுரையை இங்கேயே விட்டுவிடலாம். டார்ச்சுகள் பெருகியவர்களுக்கும், பின்மூடியின் நெருக்கமான இடத்தில் வயர் மடிந்து மடிந்து அறுந்துபோவதைப் பார்த்துச் சலித்தவர்களுக்கும் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் ஸ்பிரிங்தான் வழி.

ஏன் சேர்ந்து வாங்க வேண்டும்

மேலே சொன்ன அளவில் ஒரு ஸ்பிரிங்கின் எடை 0.8 கிராம், ஆயிரம் ஸ்பிரிங்குக்கு ஒரு கிலோ கம்பி கூடத் தேவையில்லை. அப்படியிருந்தும் பத்து ஸ்பிரிங் கேட்டால் ஸ்பிரிங் சுற்றித் தரும் எந்தச் செய்முறையாளரும் முகம்கொடுத்துப் பேச மாட்டார். சுற்றும் இயந்திரத்தில் நமது அளவைப் பொருத்திச் சரிபார்ப்பதற்கு ஆகும் நேரமும், அதில் வீணாகும் கம்பியும், உலையில் வைத்துக் கடினப்படுத்தும் செலவும் பத்துக்கும் ஆயிரத்துக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. அந்த ஆரம்பச் செலவைப் பலர் தலையில் பிரித்துப் போடுவதற்குத்தான் கூட்டு. ஆகவே கோயம்புத்தூரிலோ சென்னையிலோ விலை கேட்கும்போது, “ஒன்று என்ன விலை” என்று கேட்காமல், 500-க்கு என்ன, 1,000-க்கு என்ன, 2,000-க்கு என்ன என்று மூன்று எண்ணிக்கைக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். விலை எந்த இடத்தில் சட்டென்று இறங்குகிறதோ அந்த எண்ணிக்கைதான் நீங்கள் ஆள் சேர்க்க வேண்டிய இலக்கு.

செட்டிநாட்டில் இந்த வகை வேலைக்குப் புதிதாகச் சட்டம் எழுத வேண்டியதில்லை. நகரத்தார் கோயில் காரியங்களில் மணமான ஒரு குடும்பத்தை ஒரு புள்ளியாகக் கொண்டு, புள்ளிக்கு இவ்வளவு என்று வரி தண்டும் வழக்கம் இங்கே எல்லாருக்கும் தெரியும். நாங்களும் 25 ஸ்பிரிங் ஒரு புள்ளி என்று வைத்துக்கொண்டோம். ஒருவர் மூன்று புள்ளி எடுக்கலாம். இன்னொருவர் ஒரே புள்ளியோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏழு ஸ்பிரிங், பதின்மூன்று ஸ்பிரிங் என்று கேட்பதற்கு மட்டும் இடமில்லை. இந்த ஒரு கட்டுப்பாடு பிரிக்கும் நாளில் மிச்சப்படுத்தும் நேரத்தைச் செய்து பார்த்தவர்கள்தான் அறிவார்கள்.

முதலில் எண்ணிக்கை மட்டும் கேளுங்கள், பணம் கேட்காதீர்கள். எல்லாரும் ஒரே அளவை விரும்பவும் மாட்டார்கள். 18650 பேட்டரிக்கு ஒன்று, அதைவிடப் பெரிய 21700 பேட்டரிக்கு ஒன்று, பழைய பெரிய டார்ச்சுக்கு ஒன்று, முலாம் பூசியது, பூசாதது என்று கிளைத்துக்கொண்டே போனால் ஒவ்வொரு கிளைக்கும் ஆரம்பச் செலவு தனியாக விழுந்து கூட்டின் பயனே இல்லாமல் போகும். முதல் முறைக்கு ஒரே உலோகம், அதிகம் போனால் இரண்டு அளவு என்பதே என் துணிபு. அதற்கு ஒத்துவராதவரை மரியாதையாக அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கச் சொல்லுங்கள்.

எந்த உலோகம்

3 ஆம்பியருக்குள் ஓடும் டார்ச்சுகளே குழுவில் அதிகம் என்றால் பாஸ்பர் பிரான்ஸ் போதும். விலை குறைவு, கம்பி எளிதில் கிடைக்கும், பற்றவைப்பும் நன்றாக ஒட்டும். அதற்கு மேல் இழுக்கும் டார்ச்சுகளுக்குப் பெரிலியம் காப்பர் தேவைப்படும். இதில் சி 17200 என்னும் வகை வலிமையானது. சி 17510 மின்சாரத்தை இன்னும் நன்றாகக் கடத்தும், ஆனால் வலிமையில் அதற்குச் சற்றுக் கீழ். டார்ச் ஸ்பிரிங்குக்கு முதலாவதே ஏற்றது என்று கருதுகிறேன். சூட்டைத் தாங்குவதிலும் வேறுபாடு உண்டு: பாஸ்பர் பிரான்ஸ் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தளரத் தொடங்கும், பெரிலியம் காப்பர் 200 டிகிரி வரை நிற்கும்.

பெரிலியம் காப்பர் முழு ஸ்பிரிங்காக இருக்கும்போது கையில் எடுப்பதால் தீங்கில்லை. அதை அரம் கொண்டு ராவுவதோ, உப்புத்தாளால் தேய்ப்பதோ, அரைப்பதோ கூடவே கூடாது. அந்தத் தூசி மூச்சில் போனால் நுரையீரலுக்குத் தீராத நோயைத் தரக்கூடியது. நீளம் அதிகமானால் கட்டரால் வெட்டலாம், ராவக்கூடாது. இந்த எச்சரிக்கையை ஒவ்வொரு பையிலும் ஒரு துண்டுச் சீட்டில் தமிழில் எழுதிப் போட வேண்டியது ஏற்பாட்டாளரின் கடமை.

முலாம் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். தங்க முலாம் தொடும் இடத்தில் களிம்பு பிடிக்காமல் காக்குமே தவிர, உள்ளே இருக்கும் கம்பியின் மின்தடையைக் குறைத்துவிடாது. எஃகு ஸ்பிரிங்குக்குத் தங்க முலாம் பூசி விற்பவர்களும் உண்டு. காந்தத்தை அருகில் கொண்டுபோனால் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். மின்வேதியியலுக்கென்றே 1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் திறக்கப்பட்ட சிக்ரி ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர் இது. முலாம் பற்றி விவரம் தெரிந்த ஒருவராவது உங்கள் தெருவிலோ அடுத்த தெருவிலோ இருப்பார், கேட்டுக்கொள்ளுங்கள்.

வரைபடம் இல்லாமல் ஆர்டர் இல்லை

இங்கே என் தவற்றைச் சொல்லியாக வேண்டும். முதல் சுற்றில் 400 ஸ்பிரிங்குக்கு நான் அனுப்பிய குறிப்பில் “அடி விட்டம் 9 மி.மீ.” என்று மட்டும் எழுதியிருந்தேன். செய்தவர் அதை உள்விட்டமாக எடுத்துக்கொண்டார். கம்பியின் தடிமன் இரு பக்கமும் சேர்ந்ததால் வெளிவிட்டம் 10.8 மி.மீ. ஆகிவிட்டது. எங்கள் பின்மூடி சுவிட்ச் போர்டில் ஸ்பிரிங் அமரும் வட்டம் 9.5 மி.மீ.தான். அதைத் தாண்டிப் பிதுங்கிய அடிச்சுற்று, டார்ச்சின் உடலோடு இணையும் வெளிவளையத்தைத் தொட்டுக்கொண்டது. சுவிட்சின் இரண்டு முனைகளும் ஸ்பிரிங்காலேயே இணைந்துவிட்டதால், அணைத்தாலும் அணையாத டார்ச்சுகள் ஆறேழு உருவாகிவிட்டன. செய்தவர் மேல் குற்றம் சொல்ல ஏதுமில்லை. நஷ்டத்தை நானே ஏற்றுக்கொண்டேன். அந்த ஸ்பிரிங்குகள் இன்னும் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டுப் பகுதியில் ஓர் ஊறுகாய்ப் பரணியில் இருக்கின்றன.

ஆகவே ஒரு தாளில் ஸ்பிரிங்கைப் பெரிதாக வரைந்து, கம்பியின் தடிமன், அடியின் வெளிவிட்டம், நுனியின் வெளிவிட்டம், அழுத்தாத நிலையில் உயரம், சுற்றுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை அம்புக்குறியிட்டு எழுதுங்கள். கூம்பு வடிவம் வேண்டும் என்பதைக் காட்டுங்கள். கூம்பாக இருந்தால்தான் அழுத்தும்போது ஒரு சுற்று அடுத்த சுற்றுக்குள் இறங்கி, குறைந்த உயரத்தில் அடங்கும். அடிச்சுற்று தட்டையாக மூடியிருக்க வேண்டும், பற்றவைக்க அதுதான் இடம். நுனியில் கம்பி முனை உள்நோக்கி வளைந்திருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பேட்டரியின் மேலுறையைக் கிழித்துவிடும். எந்த அளவில் எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பதையும் எழுதுங்கள். அடியின் வெளிவிட்டத்தில் 0.2 மி.மீ.க்கு மேல் விட்டுக்கொடுக்காதீர்கள். உயரத்தில் அரை மி.மீ. போனாலும் பரவாயில்லை.

கையில் இருக்கும் எஃகு ஸ்பிரிங்கை அளந்து அதே அளவைக் கேட்பது பலர் செய்யும் பிழை. செம்புக் கலவைகள் எஃகைவிட இளகியவை. அதே அளவில் சுற்றினால் பெரிலியம் காப்பர் ஸ்பிரிங்கின் விறைப்பு எஃகினுடையதில் அறுபது சதவீதம்தான் வரும். கம்பியின் தடிமன் சிறிது கூடினாலும் விறைப்பு அந்தத் தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறும் என்பதால், 0.8 மி.மீ. எஃகுக்குப் பதிலாக 0.9 மி.மீ. பெரிலியம் காப்பர் எடுத்தால் ஏறக்குறைய அதே விறைப்பு கிடைத்துவிடுகிறது. தடிமன் கூடியதால் மின்தடையும் இன்னும் இறங்கும்.

மாதிரியும் சோதனையும்

பணம் தண்டுவதற்கு முன்னால் பத்து மாதிரிகளாவது கையால் சுற்றி வாங்கிப் பாருங்கள். மாதிரிக்குச் செய்முறையாளர் கேட்கும் தொகையை ஏற்பாட்டாளர் முதலில் போட்டு, பிறகு மொத்தச் செலவில் சேர்த்துக்கொள்ளலாம்.

சாதாரண மல்டிமீட்டரின் ஓம் நிலையில் வைத்து அளந்தால் எதுவும் தெரியாது. மீட்டரின் வயர்களுக்கே ஸ்பிரிங்கைவிடப் பல மடங்கு மின்தடை உண்டு. அளவான மின்சாரம் தரும் பவர் சப்ளையில் 2 ஆம்பியர் வைத்து ஸ்பிரிங்கின் வழியாக ஓடவிட்டு, மீட்டரின் முனைகளைத் தனியாக ஸ்பிரிங்கின் இரு கோடியிலும் தொட்டு, மில்லிவோல்ட்டில் படியுங்கள். பவர் சப்ளையின் கிளிப் மேல் மீட்டர் முனையை வைக்காமல் ஸ்பிரிங்கின் மேலேயே வைக்க வேண்டும், இல்லையென்றால் கிளிப் தொடும் இடத்தின் இழப்பும் சேர்ந்துவிடும். முன்சொன்ன 0.9 மி.மீ. ஸ்பிரிங்குக்குப் பெரிலியம் காப்பரானால் 33 மில்லிவோல்ட் அளவிலும், பாஸ்பர் பிரான்ஸானால் 54 அளவிலும், ஸ்பிரிங் எஃகானால் 90 அளவிலும், துருப்பிடிக்காத எஃகானால் 340 அளவிலும் காட்டும். பாஸ்பர் பிரான்ஸையும் பெரிலியம் காப்பரையும் நிறத்தை வைத்துப் பிரித்தறிவது கடினம்; இந்த எண் பொய் சொல்லாது. அதோடு கம்பியைச் செய்த ஆலை தரும் சோதனைச் சான்றையும் கேட்டு வாங்குங்கள். பெரிலியம் காப்பர் கம்பிக்கு அமெரிக்கத் தர அமைப்பான ஏஎஸ்டிஎம்மின் பி 197, பாஸ்பர் பிரான்ஸ் கம்பிக்கு பி 159 என்னும் தரக்குறிப்பு அதில் இருக்கும்.

அடுத்தது உயரச் சோதனை. மாதிரியை வெர்னியர் அளவியில் அளந்து, டார்ச்சில் பேட்டரியோடு சேர்த்து இறுக்கி, ஓர் இரவு விட்டு, காலையில் எடுத்து மறுபடி அளக்க வேண்டும். முதல் தடவை சிறிது குறைவது இயல்பு. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் குறைந்துகொண்டே போனால் கடினப்படுத்தும் வேலை சரியாக நடக்கவில்லை என்று பொருள். பெரிலியம் காப்பரை இளகிய நிலையில் சுற்றிய பிறகு 315 டிகிரி செல்சியஸ் அளவில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால்தான் அதற்கு ஸ்பிரிங் குணம் வரும். வைத்தெடுத்தபின் மேலே படியும் கருமையை அமிலத்தில் கழுவி எடுக்காவிட்டால் ஈயம் ஒட்டாது. அதனால் மாதிரிகளில் இரண்டையாவது போர்டில் பற்றவைத்தும் பாருங்கள்.

பணம்

மாதிரி தேறியபின்தான் பணம். ஒருவர் கணக்கில் பணம் சேரட்டும், இன்னொருவர் கணக்கை எழுதட்டும். கோயில் காரியக்காரர்கள் செய்வதுபோல இருவரும் ஒருவர் வேலையை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வீட்டுச் செலவு ஓடும் வங்கிக் கணக்கில் வாங்காமல், வழக்கமாகப் பயன்படுத்தாத ஒரு கணக்கில் வாங்குவது நல்லது. யூபிஐ வழியாக அனுப்புகிறவர்கள் குறிப்பில் தம் பெயரையும் புள்ளி எண்ணிக்கையையும் எழுத வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எழுதாத பணத்துக்கு உரியவரைத் தேடுவதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போய்விடும்.

விலையை எப்படி வைப்பது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: ஆரம்பச் செலவு உட்பட 900 ஸ்பிரிங்குக்கு 14,000 ரூபாய் என்று செய்முறையாளர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜிஎஸ்டி 2,520 ரூபாய், பார்சல் கூலிக்கும் பைகளுக்கும் 480 ரூபாய், ஆக மொத்தம் 17,000. இதை 900-ஆல் வகுக்கக்கூடாது. சோதனையில் போவது, வளைந்தது, காணாமல் போவது என்று 50 ஒதுக்கி, 34 புள்ளிக்கான 850-ஆல் வகுத்தால் ஒன்று 20 ரூபாய், ஒரு புள்ளி 500 ரூபாய். கையிருப்பு இல்லாமல் இறுக்கமாக வகுத்துவிட்டுக் கடைசி ஆளுக்கு நான்கு ஸ்பிரிங் குறைந்து நிற்பதைவிட இது மேல். அஞ்சல் செலவு அவரவர் ஊரைப் பொறுத்தது என்பதால் அதைத் தனியாக வாங்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து தருவிப்பதானால் சுங்க வரியும் ஐஜிஎஸ்டியும் கூலியும் சேர்ந்து வரும். பார்சல் யார் பெயரில் வருகிறதோ அவரே அடையாளச் சான்று காட்டிக் கட்ட வேண்டும். சுங்க வரிப் பட்டியலில் எஃகு ஸ்பிரிங்குகள் 7320 என்னும் தலைப்பிலும் செம்புக் கலவைப் பொருள்கள் 7419-இலும் வருவதால், உலோகத்தின் பெயர் பில்லில் தெளிவாக இருக்கட்டும். மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்லும் யோசனை குழுவில் யாராவது ஒருவரிடமிருந்து கட்டாயம் வரும். பெயர் உங்களுடையது என்பதால் மறுத்துவிடுங்கள்.

பிரிக்கும் நாள்

பெட்டி வந்ததும் பிரிப்பதற்கு முன் அதன் எடையைப் போடுங்கள். பிறகு நூறு ஸ்பிரிங்கைக் கையால் எண்ணி நகைத் தராசில் வைத்து, அந்த எடையைக் கொண்டு மொத்த எண்ணிக்கையைக் கணக்கிடுங்கள். மேற்சொன்ன அளவானால் நூற்றுக்கு ஏறக்குறைய 80 கிராம் வரும். அள்ளி எடுத்த முப்பதில் அடி விட்டத்தையும் ஐந்தில் மில்லிவோல்ட்டையும் அளந்து, மாதிரியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே செய்முறையாளருக்கு மீதித் தொகையைக் கொடுங்கள்.

எங்கள் இரண்டாம் சுற்றை ஓர் உறுப்பினர் வீட்டுப் பட்டாலை என்னும் கூடத்தில் வைத்துப் பிரித்தோம். பெட்டியைத் தரையில் கவிழ்க்கப் போனபோது அந்த வீட்டு ஆச்சி வெள்ளை வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து விரித்து, “வெறுந்தரையில கொட்டாதீங்க தம்பி, பூவுக்குள்ள போயிரும்” என்றார். பூப்போட்ட ஆத்தங்குடித் தரைக்கல்லின் சிவப்பிலும் மஞ்சளிலும் விழுந்த செம்பு நிற ஸ்பிரிங்கைக் கண்டுபிடிக்க முடியாது என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கூம்பு ஸ்பிரிங்குகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கொத்துக் கொத்தாகப் பின்னிக்கொள்ளும். இழுத்தால் நீண்டு கெட்டுப்போகும். கொத்தை உள்ளங்கையில் வைத்து மெதுவாகக் குலுக்கினால் தானாக உதிரும், உதிராததைத் திருகி எடுக்க வேண்டும்.

ஐந்து ஐந்தாகத் தட்டில் வைத்து 25 ஆனதும் ஜிப் பையில் போட்டு, இன்னொருவர் எண்ணிய பிறகு மூடுங்கள். வெளியூருக்கு விரைவு அஞ்சலில் அனுப்பும்போது வெறும் உறையில் போட்டால் ஸ்பிரிங்குகள் நசுங்கிப் போய்ச் சேரும். தீர்ந்துபோன மாத்திரை டப்பா போன்ற கெட்டியான எதிலாவது அடைத்து, குலுங்காமல் பஞ்சு வைத்து அனுப்ப வேண்டும். அதோடு லித்தியம் பேட்டரியையும் வைத்துவிடும்படி கேட்பார்கள், வைக்கக்கூடாது.

பிரித்து முடித்த வாரத்திலேயே சிட்டையில் உள்ள வரவையும் செலவையும் பேரேட்டில் ஏற்றி, ஐந்தொகை என்னும் இருப்புக் கணக்கை எடுத்து, பில்லின் படத்தோடு எல்லாருக்கும் அனுப்புங்கள். ஒதுக்கிய 50-இல் மிஞ்சியவற்றை, வந்ததில் வளைந்த ஸ்பிரிங் கண்ட உறுப்பினர்களுக்கு மாற்றிக் கொடுக்க ஒரு மாதம் வைத்திருந்து, பின் அதே விலைக்கு விற்று, வந்த தொகையை அடுத்த சுற்றின் மாதிரிச் செலவுக்கு முன்வைப்பாக எழுதிக்கொள்ளலாம். வரைபடத்தின் பிரதியையும் தேறிய மாதிரி இரண்டையும் ஒரு உறையில் போட்டு, அளந்த மில்லிவோல்ட்டையும் தேதியையும் உறையின் மேல் எழுதி வையுங்கள். அடுத்த சுற்றை நடத்தப்போகிறவருக்குக் கணக்கு நோட்டோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியது அது.